மீட்டருக்கு வைத்த பொட்டு

வீரமுத்து அண்ணன் சோதிக்காமல் டேங்கில் இறங்கினார் என்று நான் எழுதித் தர வேண்டுமாம். முதலாளி மகேஸ்வரன் இதைச் சொன்னபோது அவர் நெற்றியில் விபூதி இன்னும் காயவில்லை. எனக்கு வந்த ஆத்திரத்தில், கையிலிருந்த தேநீரை அவர் மேசையிலேயே கொட்டியிருப்பேன்.

கப்பல்களில் சேரும் கழிவெண்ணெயை பார்ஜ் என்னும் தட்டைப் படகின் டேங்கில் உறிஞ்சிக்கொண்டு வருவது எங்கள் கம்பெனியின் தொழில். பார்ஜ்கள் பாசிர் கூடாங் துறைமுகத்தில் நிற்கும். அலுவலகம் பெர்மாஸ் ஜெயாவில், ஒரு சாப்பாட்டுக் கடைக்கு மேல்மாடியில். அங்கே நான் பாதுகாப்பு அதிகாரி. பேருக்குத்தான் அதிகாரி, முதலாளி தலையாட்டாமல் ஒரு ஜோடி கையுறைகூட வாங்க முடியாது. ஆனால் விபத்து நடந்தால் அறிக்கையில் என் கையெழுத்துத்தான் வேண்டும்.

வீரமுத்து அண்ணன் பார்ஜின் மண்டோர், ஆட்களை வேலை வாங்கும் மேஸ்திரி. டேங்கைக் கழுவ மூடியைத் திறந்ததும் விஷவாயு மீட்டரைக் கயிற்றில் கட்டி இறக்குவார். இளசுகள் "போதும்ணே" என்று சலித்துக்கொண்டாலும் அசைய மாட்டார். அவர் செத்த அன்றும் அப்படித்தான். மேலே காவலுக்கு நின்ற காளியப்பன் என்னிடம் அழுதுகொண்டே சொன்னான்.

"கட்டி எறக்குனாருக்கா. சைபர்தான் காட்டுச்சு. அப்பறந்தான் எறங்குனாரு."

சைபர் காட்டிய டேங்கில் மனுஷன் எப்படிச் சாவான்? ஸ்டோருக்குப் போய் மீட்டரை எடுத்துப் பார்த்தேன். அதன் முகத்தில் வட்டமாக ஒரு துளை உண்டு, அது மூச்சு வாங்குவது அதன் வழியாகத்தான். துளை நிறையச் சந்தனம் காய்ந்து இறுகியிருந்தது. மேலே குங்குமம்.

அது பூஜையில் வைத்த பொட்டு. ஆயுத பூஜைக்கு எங்கள் கம்பெனியில் குடும்பங்கள் எல்லாம் பார்ஜுக்கு வரும். அவரவர் கருவிக்கு அவரவர் மனைவி பொட்டு வைக்க வேண்டும் என்பது முதலாளி கொண்டுவந்த வழக்கம். நான் கத்தோலிக்கச்சி, ஆனாலும் வருஷா வருஷம் போய்ச் சுண்டல் சாப்பிட்டுவிட்டு வருவேன். மற்றவர்கள் ஸ்பேனரும் சுத்தியலும் வைத்தார்கள். வீரமுத்து அண்ணன் மீட்டரை வைத்தார். அவர் மனைவி புஷ்பவள்ளி அதற்குப் பொட்டு வைத்தபோது, "பாருங்கடா, மூத்தவளே எளையவளுக்குப் பொட்டு வெக்கிறா!" என்று சிரித்தார். சாமிக்கு வைத்த பொட்டை எங்கள் ஆட்கள் துடைப்பதில்லை, அதுவாக உதிர வேண்டும். நாங்கள் எல்லாரும்தான் அதைப் பார்த்தோம். பொட்டு என்றுதான் பார்த்தோம்.

ஆனால் அவரைக் கொன்றது பொட்டு மட்டும் இல்லை. தினமும் காலையில் ஒரு டப்பாவிலிருந்து சோதனை வாயுவை மீட்டரில் அடித்துப் பார்க்க வேண்டும். கத்தினால் நல்ல மீட்டர், கத்தாவிட்டால் அன்றைக்கு யாரும் டேங்கில் இறங்கக்கூடாது. அந்த டப்பா பூஜைக்கு முன்பே காலி. புதிதாக வாங்கச் சொல்லிக் கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலித்ததுதான் மிச்சம். "அடுத்த மாசம் பாக்கலாம்லா" என்பார் முதலாளி. வேலை மட்டும் நிற்கவில்லை.

மீட்டரைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். பொட்டை விரலால் தொட்டுப் பார்த்தார். கண் கலங்கியது, பொய்யில்லை. பிறகு அதை என் பக்கம் தள்ளினார்.

"டப்பா காலின்னு எழுதுனா, மீட்டர் ஏன் கெட்டுச்சுன்னு கேப்பாங்க. பொட்டு யாரு வெச்சதுன்னு கேப்பாங்க. உன் வெரலாலதான் உன் புருஷன் செத்தாருன்னு அந்தப் பொண்ணுகிட்ட நீங்க போய்ச் சொல்வீங்களா, கெர்ட்ரூட்? சோதிக்கலன்னு எழுதிட்டா யாருக்கும் நோகாது."

"அண்ணன் பேரு கெட்டுப்போகுமே?"

"செத்தவருக்கு என்ன பேரு?"

"காளியப்பன் பாத்திருக்கான்."

"அவன்கிட்ட நான் பேசிக்கிறேன்."

இரக்கத்தைக் காட்டிக் காலி டப்பாவை மறைக்கப் பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால் அந்த இரக்கத்தில் பாதி நிஜம். மீட்டரை எடுத்து என் பையில் போட்டுக்கொண்டேன். அதை அவர் அறையில் விட்டுவர நான் அவ்வளவு ஏமாளி இல்லை.

நேராகத் தெப்ராவில் இருந்த வீரமுத்து அண்ணன் ஃபிளாட்டுக்குப் போனேன். மாலை போட்ட படத்துக்குக் கீழே புஷ்பவள்ளி உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"ஆபீஸ் ஆளுங்க வந்தாங்க மிஸ். அவசரப்பட்டுட்டாருன்னு சொல்றாங்க. அவரு அவசரப்படுற ஆளா? எம்பொண்ணு கேக்குறா, அப்பா ரூல மீறிட்டாராம்மான்னு. நான் என்னன்னு சொல்ல?"

"இல்ல புஷ்பா. அவர் பாத்துட்டுத்தான் எறங்கினார். மீட்டர்தான் தப்பாக் காட்டிருச்சு. அது வேலை செய்யுதான்னு பாக்கற வாயுவ கம்பெனி வாங்கிக் குடுக்கல."

அத்தோடு நிறுத்திக்கொள்ளலாம் என்று நினைத்தேன். புஷ்பவள்ளி விடவில்லை.

"நல்ல மீட்டராச்சே மிஸ். கொழந்த மாதிரி வெச்சிருந்தாரு. அதுக்கு என்ன ஆச்சு?"

என்ன பொய் சொல்லலாம் என்று தேடினேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தவர் மெல்லத் தரையில் உட்கார்ந்தார்.

"அந்த ஓட்டையா?" என்றார். "வட்டமா இருந்துச்சு மிஸ். நெத்தி மாதிரி. அங்கதான் வெக்கணும்னு நெனச்சேன்."

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அவர் அழவில்லை.

"அந்த வாயு டப்பா காலியாகாம இருந்திருந்தா தெரிஞ்சிருக்கும் புஷ்பா. அவர் எறங்கியே இருக்கமாட்டார்."

"தெரிஞ்சிருக்கும்," என்றார். மாலை போட்ட படத்தை நிமிர்ந்து பார்த்தார்.

"ரிப்போர்ட்டுல எழுதுங்க மிஸ். அவரு பாத்துட்டுத்தான் எறங்குனாருன்னு எழுதுங்க. டப்பா காலின்னும் எழுதுங்க. பொட்டு வெச்சது நான்னும் எழுதுங்க. ஒன்னையும் விட்றாதீங்க."

"ஒங்க பொண்ணு..."

"நானே சொல்லிக்கிறேன்."

கையை விடுவித்துக்கொண்டு உள்ளறைப் பக்கம் திரும்பினார்.

"லோஷினி, இங்க வாம்மா."

நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. செருப்பைக்கூட மாட்டாமல் வெளியே வந்துவிட்டேன்.