பத்து நாளுக்கு ஒரே ஊர்

ஐரோப்பாவைச் சுற்றிப் பார்க்க எந்த ஊரில் தங்கினால் தோது என்று, கொடைக்கானல் பஜாரில் என் கம்பளிக் கடைக்கு வந்த வெள்ளைக்காரர்களை எல்லாம் மூன்று மாதமாகத் துளைத்துக்கொண்டிருந்தேன். கேட்டால் என்ன? அவர்கள் என்னிடம் தூண்பாறைக்கு வழி கேட்கிறார்கள், பூம்பாறை பஸ் எப்போது என்று கேட்கிறார்கள், சாயங்காலம் மழை வருமா என்றுகூடக் கேட்கிறார்கள். மழையைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? இருந்தாலும் பதில் சொல்கிறேன் இல்லையா.

பெல்ஜியத்துக்காரர் ஒருவர் பிரஸ்ஸல்ஸ் என்றார். ஏன் என்று கேட்டேன். அங்கிருந்து எந்த ஊருக்கு வேண்டுமானாலும் சீக்கிரம் தப்பித்துப் போய்விடலாம் என்றார். இத்தாலியிலிருந்து வந்த புருஷன் பெண்டாட்டியில் அவர் போலோன்யா என்க, அந்தம்மா மிலான் என்க, கடைக்குள்ளேயே சண்டை முற்றி, எடுத்து வைத்த ஸ்வெட்டரை வாங்காமலே போய்விட்டார்கள். அன்றைக்கு என் வீட்டுக்காரர் சம்சுல் ஆலத்தின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

"ஏ மதீனா, அவங்க ஸ்வெட்டர் வாங்க வந்தாங்களா, ஒனக்குப் பாடம் நடத்த வந்தாங்களா?"

"ரெண்டுக்கும்தான். நீங்க ஒங்க சோலியப் பாருங்க."

எனக்கு ஐம்பத்துமூன்று வயது. என் சிநேகிதி தேவசேனாவுக்கும் அதேதான். பழனியில் காலேஜ் படித்தபோது ஹாஸ்டலில் ஒரே அறையில் மூன்று வருஷம் கிடந்தோம். பிறகு நான் மலைக்கு மேலே கம்பளிக் கடைக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டேன், அவள் மலைக்குக் கீழே பழனி அடிவாரத்தில் பஞ்சாமிர்தக் கடைக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டாள். இரண்டு பேருக்கும் வேலை ஒன்றுதான். ஊர் பார்க்க வந்தவர்களை வழியனுப்பி வைப்பது. ஒரு தடவையாவது நாமும் யாரோ ஒருவர் கடை வாசலில் நின்று வழி கேட்க வேண்டும் என்று பல வருஷமாகப் பேசி, வருகிற செப்டம்பரில் போவதென்று முடிவாகிவிட்டது. என் வீட்டுக்காரர் கடையை விட்டு அசைய மாட்டார். அவள் வீட்டுக்காரர் செல்வமுருகனுக்கு விமானம் என்றால் பயம். நல்லதாயிற்று, நாங்கள் இரண்டு பேர் மட்டும்.

ஒரே ஊரில் தங்க வேண்டும் என்பது தேவசேனாவின் யோசனை. அவள் கடையில் நடப்பது அதுதான். மலையேற வருகிற பக்தர்கள் செருப்பையும் பையையும் கடையில் போட்டுவிட்டு வெறுங்கையோடு ஏறுவார்கள். இறங்கி வந்து, பையை எடுக்கும்போது பஞ்சாமிர்தம் வாங்கிக்கொள்வார்கள்.

"பெட்டியத் தூக்கிக்கிட்டு ஊர் ஊரா அலையக்கூடாதுடி. ஒரே எடத்துல எறக்கி வச்சிரணும். காலைல வெறுங்கையோட போயி பாத்துட்டு, பொழுது சாய அங்கயே வந்து படுத்துக்கணும்" என்றாள்.

எனக்கும் அது பிடித்திருந்தது. அதன்பிறகு எனக்குப் பிடித்த பைத்தியம் தனி. கடையில் கூட்டம் இல்லாத நேரமெல்லாம் போனில் வரைபடத்தை விரித்து வைத்துக்கொள்வேன். கோபன்ஹேகனில் ரயில் ஏறினால் முக்கால் மணி நேரத்தில் ஸ்வீடனாம். இங்கே பழனிக்கு இறங்க இரண்டரை மணி நேரம் ஆகிறது, அதுவும் வழியில் லாரி மாட்டிக்கொள்ளாவிட்டால். ஒரு தேசத்தைத் தாண்டுவது இத்தனை லேசான காரியமா? அங்கே எல்லையில் என்ன இருக்கும்? கேட் இருக்குமா? ரயிலில் டீ விற்கிறவன் அந்தப் பக்கம் போனதும் வேறு பாஷையில் கூவுவானா? இதையெல்லாம் யோசித்து ஒரு நாள் அடுப்பில் பாலைப் பொங்கவிட்டேன்.

செக்கோஸ்லோவாகியா என்று நாங்கள் பள்ளிக்கூடத்தில் படித்தது இப்போது இரண்டு நாடாம். அதில் ஒன்றிலிருந்து வந்த பையன், பில்லின் பின்பக்கம் பிராக் நகரத்தைப் படமாகவே வரைந்து கொடுத்தான். கோட்டை, ஆறு, பாலம். அதை உடனே தேவசேனாவுக்கு அனுப்பினேன், கூடவே யாரோ அந்தத் தெருக்களில் நடந்துகொண்டே எடுத்த வீடியோவையும்.

"கல்லு பாவுன ரோடு. நல்லால்ல" என்று பதில் வந்தது.

சரி, லிஸ்பன் என்றேன். "ரொம்ப மூலையில கெடக்கு." ஃப்ளாரன்ஸ் என்றேன். "எல்லாரும் அங்கதான் போறாங்க." லூசெர்ன் என்றேன். "மலையத்தான் தெனமும் பாக்கிறியே, இன்னுமா?" பாரிஸ் என்றதும் துள்ளினாள். "ஆமாடி, பாரிஸ்தான், முடிஞ்சுது" என்றாள். இரண்டே நாளில், "அந்தச் சுரங்க ரயிலு எனக்கு ஆகாது, வேணாம்" என்று கவிழ்த்துவிட்டாள்.

எனக்குக் கோபம் ஏற ஆரம்பித்தது. பத்து ஊர் சொல்லியாயிற்று, பத்துக்கும் ஒரு நொட்டை. நீயாவது ஒன்று சொல் என்றால் அதற்கும் வாயைத் திறக்க மாட்டாள்.

வெள்ளிக்கிழமை திண்டுக்கல்லில் விசா வேலை பார்க்கிற சந்தோஷ்குமார் கூப்பிட்டான்.

"அக்கா, எந்த நாட்டுல அதிகமா ராத்திரி தங்குறீங்களோ, அந்த நாட்டுக்குத்தான் மனுப் போடணும். ஊர் தெரியாம நான் என்னன்னு போடுறது? திங்கக்கிழமைக்குள்ள சொல்லலைன்னா செப்டம்பர் கெடைக்காது, பாத்துக்கங்க."

உடனே தேவசேனாவுக்குப் போன் போட்டேன். அவள் மறுபடியும் இழுத்தாள். பாப்போம்டி என்றாள், யோசிப்போம்டி என்றாள். அப்போது என் நாக்கில் சனியன் உட்கார்ந்துவிட்டது.

"இந்தா பாரு தேவா, ஒனக்கு ஊரு பிரச்சனையில்ல. என்கூடப் பத்து நாளு ஒரே ரூம்புல தங்குறதுதான் பிரச்சனை. கோயில் வாசல்ல கடை வச்சிருக்கவ, துலுக்கச்சியோட போயிட்டு வந்தா நாலு பேரு பேசுவாங்கன்னு யோசிக்கிற. நேரா சொல்லிரு, நான் ஒண்ணும் அழுதுற மாட்டேன்."

அவள் போனை வைத்துவிட்டாள். அழ மாட்டேன் என்று சொன்ன நானே ஸ்வெட்டர் அடுக்குக்குப் பின்னால் போய் உட்கார்ந்து அழுதேன். மூன்று வருஷம் ஒரே தட்டில் சாப்பிட்டவளைப் பார்த்து இப்படிக் கேட்டுவிட்டோமே என்று ஒரு பக்கம், உண்மையாகவே அப்படித்தானோ என்று ஒரு பக்கம்.

சனிக்கிழமை முழுக்க அவளும் கூப்பிடவில்லை, நானும் கூப்பிடவில்லை. என் வீட்டுக்காரருக்கே பொறுக்கவில்லை.

"இதெல்லாம் போன்ல பேசுற பேச்சா? வெரசா போயி மொகத்தப் பாத்துப் பேசிட்டு வா. நாளைக்குக் கடைய நான் பாத்துக்கிறேன்."

ஞாயிற்றுக்கிழமை பஜாரில் காலை வைக்க இடமிருக்காது. அன்றைக்கு அவரைத் தனியாக விட்டுவிட்டு, வெள்ளனே பழனி பஸ் ஏறினேன். வளைவுக்கு வளைவு ஒரு வசனம் தயார் செய்தேன். சமாதானமா, சண்டையா என்று எனக்கே தெரியவில்லை. இரண்டுக்கும் தயாராகத்தான் போய் இறங்கினேன்.

கடையில் செல்வமுருகன் இருந்தார். ஏழெட்டு ஜோடி செருப்பை வரிசையாக ஒதுக்கி வைத்துக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்ததும் எழுந்தார்.

"வாங்கம்மா, என்ன திடீர்னு?"

"அவ எங்கண்ணே?"

"உள்ளதான்."

அவர்கள் வீடு கடைக்கு மேலே, மாடியில். நான் பழக்கத்தில் பக்கவாட்டுப் படிக்கட்டில் காலை வைத்துவிட்டேன்.

"மேல இல்லம்மா. பின்னால போங்க" என்றார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒங்ககிட்ட சொல்லலையா? அவ மாடி ஏறி எட்டு மாசமாச்சு. ரெண்டு முட்டியும் போச்சு" என்றார்.

கடைக்குப் பின்னால் சரக்கு வைக்கிற அறை. பஞ்சாமிர்த டப்பாக்களும் வெல்ல மூட்டையும் சுவரோடு ஒதுங்கியிருக்க, நடுவில் ஒரு இரும்புக் கட்டில். கொடியில் அவள் சேலைகள். மூலையில் ஒரு ஊன்றுகோல். தேவசேனா கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தாள். முழங்கால் இரண்டும் வீங்கிப் பூசணிப் பிஞ்சு மாதிரி இருந்தன.

கடைசியாக நான் இந்த வீட்டுக்கு எப்போது வந்தேன்? போன வருஷம் தைப்பூசத்துக்கு முன்னால். அதற்குப் பிறகு எல்லாமே போன்தான். பஸ்ஸில் சேர்த்து வைத்த வசனம் எல்லாம் எங்கே போயிற்றோ.

என்னைப் பார்த்ததும் எழப் பார்த்தாள்.

"ஒக்காருடி" என்று அதட்டினேன். "என்னடி இது கோலம்?"

"படியே ஆகலடி. ஏறுறது கூட எப்படியோ ஏறிருவேன். எறங்கத்தான் உயிர் போகுது" என்றாள். "ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. அடுத்த வருசம் பாத்துக்கலாம், சமதரையில மெதுவா நடக்கலாம், போயிட்டு வாங்கன்னு டாக்டரே சொன்னாரு. அடிவாரத்துல கடை வச்சிக்கிட்டு, வர்றவங்ககிட்டல்லாம் கால்வலியே தெரியாது, சும்மா ஏறுங்கன்னு சொல்றவ நானு. என்னால ஏற முடியலன்னு யாருகிட்டடி சொல்றது?"

கட்டிலில் ஒரு நோட்டு கிடந்தது. எடுத்துப் பார்த்தேன். நான் சொன்ன ஊர் எல்லாம் அதில் வரிசையாக இருந்தது. நான் அனுப்பிய வீடியோக்களை நிறுத்தி நிறுத்திப் பார்த்து, படிகளை எண்ணி எழுதியிருக்கிறாள். பிராக் என்று எழுதி, பக்கத்தில் கோடு கோடாகப் போட்டு, கடைசியில் 'எண்ணி முடியல' என்று முடித்திருந்தாள். பாரிஸுக்கு நேரே, 'ரயிலுக்கு எறங்கப் படி, ஏறப் படி, லிஃப்ட் எல்லா எடத்துலயும் இல்ல.' அந்த வரியின் மேல் பேனா அழுந்திக் காகிதம் கிழிந்திருந்தது. கடைசிப் பக்கத்தில் நான் சொல்லவே சொல்லாத ஒரு ஊர். வியன்னா. 'டிராம் தரையோட நிக்குது. ஸ்டேஷன்ல லிஃப்ட். பிராட்டிஸ்லாவா ஒரு மணி நேரம், புடாபெஸ்ட் ரெண்டரை, சால்ஸ்பர்க் ரெண்டரை. ரோடு சமம்.'

இத்தனை நாளாகச் சும்மா நொட்டை சொல்கிறாள் என்று நினைத்திருந்தேன். அவள் அந்த ஊர்களில் என்னைவிட அதிகம் நடந்திருக்கிறாள்.

"பாவி, ஊரையே கண்டுபிடிச்சு வச்சிருக்க. பெறகு ஏன்டி வாயத் தொறக்கல?"

"ஏன் வியன்னான்னு கேப்ப. மொழங்காலுன்னு சொல்லணும். சொன்னா நீ..." என்று நிறுத்தினாள்.

"நானு?"

"எனக்கு ஒத்தாசை பண்ணவே ஒனக்குப் பொழுது போயிரும்னு தோணும். என்னைய வேணாம்னு விட்டுருவியோன்னு பயந்துட்டேன்."

"யாரு, நானா? இம்புட்டுத்தான் என்னத் தெரிஞ்சு வச்சிருக்கியா?" என்று கத்தினேன். கடையிலிருந்து செல்வமுருகன் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்.

கத்திவிட்டு உட்கார்ந்தேன். என்னால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அந்த ஊன்றுகோலைப் பார்த்த நிமிஷத்தில், ஐயோ என்று தோன்றியதற்குக்கூட முன்னால், என் நாத்தனார் ஆலிமாவிடம் பாஸ்போர்ட் இருக்கிறது என்று எனக்கு ஞாபகம் வந்தது. அல்லாஹ் சாட்சியாக அதுதான் முதலில் வந்தது.

"நெனச்சேன்டி" என்றேன். "உள்ள நொழஞ்சதும் நெனச்சேன். ஆலிமாவக் கூட்டிட்டுப் போலாமான்னு."

கோபப்படுவாள் என்று காத்திருந்தேன்.

"ஆலிமா நல்லா நடப்பா" என்றாள்.

எனக்கு அதைத் தாங்க முடியவில்லை. பேசாமல் போனை எடுத்து சந்தோஷ்குமாருக்குப் போட்டேன்.

"தம்பி, ஆஸ்திரியான்னு போடு. வியன்னா. பத்து ராத்திரியும் அங்கதான்."

"சரிக்கா, போட்டுர்றேன். இப்போதைக்கு ஒங்களுக்கு மட்டுந்தானே?"

"என்ன எனக்கு மட்டும்?"

"தேவசேனாக்கா நேத்தே போன் பண்ணிட்டாங்களே. என் பேர எடுத்துரு, மதீனா வேற யாரையாவது கூட்டிட்டு வருவா, அவங்க பேர அதுல போட்டுக்கன்னு சொன்னாங்க. ஒங்ககிட்ட சொல்லிட்டேன்னாங்களே?"

நான் திரும்பினேன். தேவசேனா வெல்ல மூட்டையைப் பார்த்துக்கொண்டு, சேலைத் தலைப்பால் மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் இன்றைக்கு நினைக்க இருந்ததை நேற்றே எனக்காகச் செய்து முடித்துவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். அதுவும் நான் அவளைப் பார்த்து அந்தக் கேள்வி கேட்டதற்கு மறுநாள்.

"அக்கா, லைன்ல இருக்கீங்களா? அந்த இன்னொருத்தங்க பேரு என்னக்கா?"

"எழுதிக்க" என்றேன். "தேவசேனா."