டேங்க்கில் அவன் ஊற்றியது

கிட்ட வந்து உட்காருங்கள் மக்களே, பாளையம்பட்டியில் ஒரு வருஷம் பூட்டிக் கிடந்த காரின் கதையைச் சொல்கிறேன்.

சுந்தரபாண்டி தன் பழைய காரில், இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் சூப்பர்சார்ஜரைப் பொருத்தியிருந்தான். அந்த அழுத்தத்துக்குப் பெட்ரோல் சூடேறி முன்கூட்டியே வெடித்து இன்ஜின் தட்டும், எரிசாராயமான எத்தனால்தான் குளிர்ச்சி என்று அதற்கேற்ப எல்லாவற்றையும் மாற்றினான். ஒரு சனிக்கிழமை டேங்க் நிறைய எத்தனாலை ஊற்றினான். மறுநாள் காலை மாரடைப்பில் போய்விட்டான்.

அவன் மனைவி ஜெகதீஸ்வரி காரை யாரையும் தொடவிடவில்லை. வருஷத் திதியன்று, அவன் கையால் ஊற்றியதிலேயே காரைக் கிளப்பித் திதி கொடுக்கத் திருச்சுழிக்குப் போக வேண்டும் என்று காத்திருந்தாள்.

அன்று அவன் கூட்டாளி சாலமோன் வந்து சாவியைத் திருப்பினான். இன்ஜின் பிடிக்கவில்லை. டேங்க்கைத் திறந்தால் பம்ப் துருவேறி, எத்தனால் கலங்கிக் கிடந்தது.

"மதினி, இது காத்துல இருக்க ஈரத்தை இழுத்துக் குடிக்கும். அப்பப்ப ஓட்டி வைக்கத்தான் அப்பவே சாவி கேட்டேன்."

"நம்ம ஊருக் காத்துல ஏது தம்பி ஈரம்? வெதச்சவுக வானத்தைப் பாத்துக் கெடக்காக. இதுக்கு மட்டும் எங்கருந்து கெடச்சுச்சாம்?"

சாலமோனுக்குச் சிரிப்பு வந்தது, கண்ணும் கலங்கியது. "பம்ப்பு மாத்தி, புதுசா ஊத்துனா ஓடும் மதினி."

"அப்ப அவுக ஊத்துனது?"

"வடிச்சுத்தான் ஆகணும்."

அவள் தானே கேனை எடுத்துவந்து, டேங்க்கை வடிக்கும் குழாயின் கீழே பிடித்தாள். கடைசிச் சொட்டு விழும்வரை கையை எடுக்கவில்லை. திருச்சுழிக்கு பஸ்ஸில்தான் போனாள்.

உங்கள் வீட்டில் எல்லோரும் நெடுங்காலம் ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள், என் கண்ணுகளா.