எந்தச் சேனை

"ஸ்கிரீன்ட் இன் ஆயிட்டேன்ப்பா" என்று என் தம்பி ஜெர்வின் பெங்களூரிலிருந்து போன் செய்தான். அது ஐந்து நாள் நேர்காணலில் முதல் நாள்தான். வடிகட்டியதில் அவன் மிஞ்சியிருக்கிறான், அவ்வளவுதான் அதற்கு அர்த்தம். அப்பாவின் காதில் "இன்" மட்டும் விழுந்தது. மகன் உள்ளே போய்விட்டான், ராணுவ அகாதமி கிடைத்துவிட்டது. அவன் விளக்குவதற்குள் அங்கே போனை வாங்கி வைத்துவிட்டார்கள். நான் விளக்கிப் பார்த்தேன்.

"ஏட்டி அக்சா, அபசகுனமாப் பேசாத" என்றார்.

மறுநாள் ஞாயிறு. எங்கள் சபையில் வீடு கட்டினாலும் ஆபரேஷனில் பிழைத்தாலும் எழுந்து மைக்கில் சாட்சி சொல்ல வேண்டும். ராஜபாளையத்தில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிற என் அப்பா தேவஇரக்கம் எழுந்தார். பட்டாளம் என்று சொல்லியிருக்கலாம். மைக்கைப் பிடித்தால் அவருக்கு வேதாகமத் தமிழ்தான் வரும்.

"கர்த்தர் என் மகனைச் சேனையில் சேர்த்துக்கொண்டார். நேற்று இரவு தரிசனத்தில் காட்டினார்."

இரவு முழுக்க எனக்குக் குறட்டைதான் கேட்டது. ஆராதனை முடிந்ததும் வாசலில் நின்று எல்லாருக்கும் பால்கோவா கொடுத்தார்.

கடைசி நாளில் ஜெர்வின் மறுபடி அழைத்தான். வரிசையாக நிறுத்தி, தேறியவர்களின் எண்களை வாசித்தார்களாம். அதில் அவன் எண் இல்லை. தேறியவர்களை மெடிக்கலுக்கு வைத்துக்கொண்டு மற்றவர்களை வேனில் ஏற்றி ரயில்வே ஸ்டேஷனில் இறக்கிவிட்டார்களாம். சாப்பிட்டாயா என்றுகூட அப்பா கேட்கவில்லை.

"யார்ட்டயும் சொல்லிட்டியாலே? ராஜபாளையத்துல எறங்காத. ஸ்ரீவில்லிபுத்தூர்லயே எறங்கிரு. அக்சா வண்டி எடுத்துட்டு வருவா."

திருடனைக் கூட்டி வருவதுபோல் தம்பியைக் கூட்டி வந்தேன். அவன் அழவில்லை. "குரூப் டிஸ்கஷன்லதான் திக்கிட்டேன்க்கா. இன்னொரு தடவ எழுத வயசு இருக்கு. இந்த மாசக் கடைசி வரைக்கும் அப்ளிகேஷன் போடலாம்" என்று ஸ்கூட்டியின் பின்னாலிருந்து சொல்லிக்கொண்டே வந்தான். எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது. வழியில் டீ குடிக்க நிறுத்தினோம். எங்கள் சபைக்கு வரும் வைகுண்டராஜ் அங்கே வடை தின்றுகொண்டிருந்தார்.

"ஏலே, நீ பட்டாளத்துலல்லா இருக்கணும்?"

"எடுக்கல அண்ணாச்சி."

"நம்ம ஊரு நாயவே பட்டாளத்துல எடுக்கான். ஒன்னய எடுக்கலயா?" கடையே சிரித்தது. ஜெர்வினும் சிரிக்க முயன்றான்.

நாங்கள் வீடு வந்து சேர்வதற்குள் செய்தி வந்துவிட்டது. அப்பா கை ஓங்கவில்லை. அடித்திருந்தால் தேவலை.

"அப்ப நான் சொன்னது பொய்ச் சாட்சியா? கர்த்தர் பொய் சொன்னாரா, இல்ல நான் சொன்னேனா?"

"யாரும் பொய் சொல்லலப்பா. நான் தோத்துட்டேன், அம்புட்டுதான்."

"அது கெடயாது" என்றார் அப்பா. தோற்றுப்போவதற்குக்கூட என் தம்பிக்கு உரிமை இல்லை.

அடுத்த ஞாயிறு அவனை இழுத்துக்கொண்டு முன்னால் போனார். அவன் பிடரியில் கையை வைத்துக்கொண்டே பேசினார்.

"சேனை என்று சாட்சி சொன்னேன். எந்தச் சேனை என்று சொன்னேனா? மனுஷருடைய சேனை இவனைத் தள்ளிற்று. தேவனுடைய சேனை சேர்த்துக்கொண்டது. இவனை முழுநேர ஊழியத்துக்கு ஒப்புக்கொடுக்கிறேன்!"

"அல்லேலூயா" என்று சபை முழங்கியது. வைகுண்டராஜின் குரல்தான் எல்லாவற்றுக்கும் மேலே கேட்டது. போதகர் மைக்கை ஜெர்வினின் வாயருகே நீட்டி, "சம்மதமா தம்பி?" என்றார். அப்பா சிரித்த முகமாக நின்றார். பிடரியை அழுத்திய விரல்கள் வெளுத்திருந்தன.

நான் பெண்கள் பக்கத்திலிருந்து எழுந்தேன். "அவன் பரீட்ச எழுதப் போறான்!" என்று கத்தினேன். அம்மா என் துப்பட்டாவைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தாள். அதற்குள் கீபோர்டு தொடங்கிவிட்டது. பாட்டுக்கு நடுவே மைக்கில் "சம்மதம்" என்று மட்டும் கேட்டது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு வேதாகமப் பள்ளி. அங்கே நேர்காணலுக்கு அழைத்த நாளும், அகாதமிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளும் ஒன்றாக அமைந்தன. கூட்டிப் போனது நான்தான். வாசலில் வண்டியை நிறுத்தி, "இப்பவும் நேரம் இருக்குலே, போன்லயே போட்டுருவோம்" என்றேன். கேட்காதவன்போல் உள்ளே போனான். பெங்களூருக்காகப் பாலிஷ் போட்ட அதே ஷூவைத்தான் போட்டிருந்தான்.

செத்த நேரத்தில் வெளியே வந்தான்.

"என்னலே சொன்னாக?"

"ஸ்கிரீன்ட் இன்க்கா" என்றான். வண்டியில் ஏறி உட்கார்ந்தான். "அப்பாட்ட நீயே சொல்லிரு. இந்தத் தடவ அவியளுக்குச் சரியாத்தான் புரியும்."