மாடியறை ரயில்

குழந்தைக்கென்று ஒதுக்கிய அறை அது. கல்யாணமான புதிதில் கணவனும் மனைவியும் மஞ்சள் வண்ணம் பூசி வைத்தார்கள். குழந்தை வரவில்லை. நாளடைவில் மாடியறை உறவுக்காரர்களின் பொதுச்சொத்து ஆயிற்று. ஒரு சித்தி தன் பெரிய பாத்திரங்களை அடுக்கினாள். ஒரு மைத்துனன் கதவில்லாத பீரோவைக் கொண்டுவந்து நிறுத்தினான். "ரெண்டே பேருக்கு எதுக்கு இவ்வளவு இடம்?" என்பார்கள். அவர்கள் கெட்டவர்கள் இல்லை. பிறர் வீட்டில் காலியாகக் கிடப்பதைக் கடவுள் தமக்கென்றே வைத்திருப்பதாக நினைக்கும் சுபாவம் நம் எல்லோரிடமும் இருக்கிறது.

இந்த வருடம் தையற்காரியான மனைவி அதற்கு மேல் பொறுக்கவில்லை. பாத்திரங்களைத் துலக்கிச் சித்தி வீட்டுக்கும், பீரோவைத் துடைத்து மைத்துனன் வீட்டுக்கும் அனுப்பிவைத்தாள்.

"இனிமே இது நம்ம ரூம். இதுல உங்களுக்கு என்ன வேணும், சொல்லுங்க," என்றாள் கணவனிடம்.

அவன் பல்செட் செய்பவன். மருத்துவர்கள் அனுப்பும் அச்சைப் பார்த்து, வாய்க்குப் பொருந்தும்படி செதுக்கித் தருவதே தொழில். நரை விழுந்த வயதில் வெட்கப்பட்டுக்கொண்டே சொன்னான்: "ரயில் விடணும். பொம்மை ரயில்."

"விடுவோம்."

அவள் ரவிக்கைக்குப் பேப்பர் வெட்டுவது போலப் பழைய செய்தித்தாள்களை ஒட்டித் தரையில் விரித்தாள். அதன்மேல் சாக்பீஸால் பாதையை வரைந்தார்கள், அழித்தார்கள், மறுபடி வரைந்தார்கள். கை எட்டாத இடத்தில் ரயில் கவிழ்ந்தால் யார் எடுப்பது என்று அவள் கேட்டதால், பாதையைத் தாங்கப்போகும் பலகையின் அகலம் குறைந்தது. மரச்சட்டம், அதன்மேல் பிளைவுட், சத்தம் அடங்க ஒரு கார்க் விரிப்பு, அதன்மேல் தண்டவாளம். சுவரோரம் நீல லைனிங் துணியில் அவள் வானம் தைத்தாள். அவன் கம்பி வலையின்மேல் பல் அச்சு வார்க்கும் மாவைப் பூசி மலை எழுப்பினான். பாதை வளையும் இடத்தில் மலைக்குள் ஒரு சுரங்கம்.

எஞ்சினை வைத்து அளந்து, சுரங்கத்தைப் பல்செட் செதுக்கும் மெழுகுக் கத்தியால் இழைத்து இழைத்துப் பொருத்தினான். "பாத்தியா? நூல் நுழையற சந்துதான். பல்செட் மாதிரி கச்சிதம்."

"பல்செட் நிக்கணும். ரயில் ஓடணுமே! நான் சட்டை தைச்சா கை தூக்க இளக்கம் விட்டுத்தான் தைப்பேன்."

"நீ உன் சட்டையைப் பாரு."

ஞாயிற்றுக்கிழமை அவனுடைய அக்கா வந்தாள். உறவில் எல்லோரும் அவள் முதுகுக்குப் பின்னால் 'மேனேஜர்' என்பார்கள். வந்தவள் நேரே மாடியேறினாள்.

"என்னடா தம்பி இது? பேரன் எடுக்கற வயசுல பொம்மை ரயிலா? பாக்கறவங்க வாயால சிரிக்க மாட்டாங்கடா."

"அக்கா, அது வந்து..."

"என் பையனுக்கு இந்த ஊர்ல வேலை கிடைச்சிருக்கு. அவன் இங்கதான் தங்கப்போறான். இதெல்லாம் மூட்டை கட்டு."

சிறுவயது முதல் அக்கா சொல்லைத் தட்டி அவனுக்குப் பழக்கமில்லை. "ஒரு தடவை ஓடறதைப் பாத்துட்டுச் சொல்லேன்," என்றான்.

"சரி. ஓடினா இருக்கட்டும். நின்னா கழட்டணும். பேச்சு மாறக்கூடாது."

மனைவி வாய் திறப்பதற்குள் அவன் தலையாட்டிவிட்டான்.

ரயில் கிளம்பியது. வானத்தை ஒட்டி அழகாகச் சுற்றி வந்து சுரங்கத்துக்குள் நுழைந்தது. எஞ்சின் போயிற்று. பின்னால் வந்த நீளமான பெட்டி வளைவில் திரும்பும்போது, அதன் வயிறு உட்சுவரில் இடித்துச் சிக்கிக்கொண்டது. எஞ்சின் சக்கரங்கள் மட்டும் நின்ற இடத்திலேயே சுழன்றன.

"நின்னுடுச்சு. கழட்டு!" என்று கைதட்டினாள் அக்கா.

அவன் தண்டவாளத்தின்மேல் கைவைத்தான். அந்தக் கையை மனைவி பிடித்துக்கொண்டாள்.

"எடுங்க கையை. அக்கா, பந்தயம் கட்டினது அவர். நான் கட்டல. ஓடினாலும் இது எங்க ரூம். நின்னாலும் எங்க ரூம். கவுந்து கிடந்தாலும் எங்க ரூம்."

"பிள்ளை குட்டி இல்லாத வீட்டுல..." என்று தொடங்கிய அக்கா, தன் குரலைத் தானே கேட்டவள் போல நிறுத்திக்கொண்டாள்.

"சொல்லுங்க. எல்லாரும் சொல்லாம சொன்னதுதானே?" தையற்காரியின் குரல் உயரவில்லை. "பிள்ளை இல்லைன்னா ஒரு ரூம்கூட இருக்கக்கூடாதா? உங்க பையன் வரட்டும். கீழ ஹால்ல கட்டில் போடறேன். வேளாவேளைக்குச் சோறு போடறேன். காய்ச்சல்னா ராத்திரியெல்லாம் பக்கத்துல உக்காருவேன். ஆனா இந்தக் கதவுக்குள்ள அவன் தலையணைகூட வராது."

அக்கா தம்பியைப் பார்த்தாள். அவன் தண்டவாளத்திலிருந்து கையை எடுத்தான்.

"நான் தலையாட்டினது தப்புக்கா. கழட்ட மாட்டேன்." சொல்லிவிட்டு, தன் குரலைக் கண்டு தானே மிரண்டவன் போல மனைவி பக்கம் திரும்பினான். "நீ சொன்ன மாதிரி இளக்கம் விட்டிருக்கணும்." மெழுகுக் கத்தியை எடுத்துச் சுரங்கத்தைக் குடைய ஆரம்பித்தான்.

உள்ளே ஒரே இருட்டு. பெட்டியைப் பிடித்துக்கொள்ளவே தையற்காரிக்கு இரண்டு கையும் வேண்டியிருந்தது.

"அக்கா, அந்த டார்ச்சைக் கொஞ்சம் பிடிங்களேன்."

ஒருவரை மறுத்துப் பேசிய பிறகு அவரை வாசலில் நிற்கவிடாமல் உள்ளே கூப்பிட்டு ஒரு வேலை கொடுப்பது சின்ன விஷயம்தான். தர்மம் பெரும்பாலும் இந்த அளவில்தான் நம் கைக்கு வருகிறது.

அக்கா முறைத்தாள். பிறகு முணுமுணுத்துக்கொண்டே குனிந்து டார்ச் அடித்தாள். "அங்க எங்கடா தேய்க்கற? இடது பக்கம் இடிக்குது, கண்ணு தெரியல? இன்னும் தேய். கஞ்சன்டா நீ, ஒரு விரற்கடை விட்டா குறைஞ்சா போயிடுவ?"

வெள்ளை மாவு மூவர் தலையிலும் படிந்தது. அடுத்த முறை விட்டபோது நீளப் பெட்டி தயங்காமல் நுழைந்து, மறுபக்கம் வெளியே வந்தது.

"மலைக்கு பெயிண்ட் அடிடா. கடவாய்ப் பல்லு மாதிரி இருக்கு," என்றாள் அக்கா.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே திரும்பி, விரலை நீட்டினாள். "பையன் ஹால்லயே படுத்துக்கட்டும். ஆனா அவன் தூங்கறப்ப தலைக்கு மேல கடகடன்னு ரயில் விடக்கூடாது. சொல்லிட்டேன்."

"விடுவோம்க்கா," என்றான் தம்பி.