மாமியார் இடது மூலை, மருமகள் வலது மூலை

வலது மூலையில் மருமகளை ஊற்றிவிட்டு மூடியைத் திருகிக்கொண்டிருந்தபோது தொட்டி வெளுக்க ஆரம்பித்தது. முதலில் ஊற்றிய இடத்தில் மட்டும், டீயில் பால் விட்டது போல ஒரு சுருள். பம்பு அதை இழுத்துக்கொண்டு போய் எங்கும் பரப்பியது. கோமாளி மீன்கள் இரண்டும் கண்ணெதிரே காணாமல் போயின. கூடத்தின் ஒரு சுவரை அடைத்து நிற்கும் அந்தக் கடல்மீன் தொட்டியில் இப்போது இருந்தது தண்ணீர் இல்லை. வெள்ளையடிக்கக் கரைத்து வைத்த சுண்ணாம்பு.

மருமகள் என்பது ஒரு பாட்டில். என் கணவர் வைத்த பெயர். தொட்டியில் வளரும் பவளங்கள் உயிரோடு இருக்கிறவரை தண்ணீரிலிருந்து சத்தை எடுத்துத் தங்களைச் சுற்றிக் கல்லாகக் கட்டிக்கொண்டே இருக்கும். எடுத்ததை நாம் திரும்பக் கொடுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கொடுக்க வேண்டியவை இரண்டு கரைசல்கள். ஒன்று சோடா உப்பு, மற்றது கால்சியம். இரண்டும் பார்வைக்குக் குடிதண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். தனித்தனியே வைத்தால் இரண்டும் தங்கம். நேருக்கு நேர் சந்தித்தால் அந்த நொடியே வெள்ளையாக உறைந்து ஒருவருக்கும் உதவாமல் போகும். அதனால் சோடா பாட்டிலில் ‘மாமியார்’ என்றும் கால்சியம் பாட்டிலில் ‘மருமகள்’ என்றும் எழுதி ஒட்டினார். மாமியார் காலையில், இடது மூலையில். மருமகள் மாலையில், வலது மூலையில்.

ஒட்டிய அன்று அத்தை கண்ணாடியை மாட்டிக்கொண்டு வந்து படித்தார்.

“பேரு வைக்க உனக்கு வேற ஆளே கிடைக்கலையாடா?”

“ரெண்டு பேருமே நல்லவங்கம்மா. ஒரே இடத்துல ஊத்தினாத்தான் பிரச்சனை.”

“அப்போ ரெண்டு தொட்டி வாங்கிட வேண்டியதுதானே?”

“தனிக்குடித்தனமா? அதுக்குத் தண்ணி வரி யாரு கட்டுறது?”

நான் சமையலறையில் இருந்தேன். சிரிப்பு வந்தது. சத்தம் வராமல் பார்த்துக்கொண்டேன்.

மூன்றாவதாக ஒரு பாட்டில் உண்டு, மெக்னீசியம். அதன் பெயர் மகன். “இவன் தண்ணியில இருந்தாத்தான் அவங்க ரெண்டு பேரும் ஒட்டிக்கிட்டுக் கல்லாகாம இருப்பாங்க. இவனுக்குன்னு பெரிய வேலை ஒண்ணும் கிடையாது. சும்மா நடுவுல நிக்கணும்” என்றார். சொல்லிவிட்டு அவரே சிரித்தார். தன் நகைச்சுவைக்குத் தானே முதல் ஆளாகச் சிரிப்பது அவர் வழக்கம்.

வெளியிலிருந்து பார்க்கிறவர்கள் நினைப்பது போல எனக்கும் அத்தைக்கும் சண்டை எதுவும் இல்லை. சண்டை போட வேண்டுமானால் பேச வேண்டுமே. அத்தை ஒரு காலத்தில் தொலைபேசி நிலையத்தில் இணைப்புக் கொடுக்கும் வேலையில் இருந்தவர். ஊரில் யாரை யாரோடெல்லாமோ பேச வைத்தவருக்கும் எனக்கும் நடுவில் வீட்டில் அவர் மகன்தான் இணைப்பகம். “அம்மாவுக்கு வெந்நீர் வேணுமான்னு கேளுங்க.” “அவ வர லேட்டாகுமான்னு கேளுடா.” என் கணவர் இறந்த பிறகுதான் வீட்டில் எந்தக் கம்பியும் நேராக எந்த அறைக்கும் போகவில்லை என்பது தெரிந்தது.

ஆஸ்பத்திரியில் கடைசி நாட்களில் அவர் ரத்தத்தில் உப்பு குறைந்துகொண்டே வந்தது. எவ்வளவு இருக்கிறது, எவ்வளவு இருக்க வேண்டும் என்று நர்ஸிடம் கேட்பார். அந்தப் பெண் எண்ணைச் சொன்னதும், “ஒரேடியா ஏத்திடாதீங்க சிஸ்டர், மெதுவா ஏத்துங்க. தாங்காது” என்பார். “சார் டாக்டரா?” என்று அவள் என்னிடம் கேட்டாள். “இல்லை, மீன் வளக்கிறவர்” என்றேன். கட்டிலின் அந்தப் பக்கம் அத்தை உட்கார்ந்திருந்தார். அவர் உதடு லேசாக அசைந்தது. அதற்கு மேல் அங்கே யாரும் சிரிக்கவில்லை.

காரியங்கள் முடிந்து உறவினர்கள் கலைந்ததும் நாத்தனார் தொலைபேசியில் கேட்டாள்.

“அம்மாவை நான் கூட்டிட்டுப் போயிடவா அண்ணி? உங்களுக்கும் ஆபீஸ் இருக்கு. பகல் பூரா அவங்க தனியா இருக்கணும்.”

“அத்தை இஷ்டம்” என்றேன்.

அத்தையிடம் கேட்டிருக்கிறாள். “அவ இஷ்டம்” என்றிருக்கிறார். இரண்டு இஷ்டங்களையும் கூட்டிப் பார்த்த நாத்தனார் ஞாயிற்றுக்கிழமை காரோடு வருவதாகச் சொன்னாள். தொட்டியையும் அதே ஞாயிறு எடுத்துக்கொள்ளும்படி உப்புக்காரரிடம் சொல்லிவிட்டேன். கடலுப்பும் பவளமும் விற்கிறவர், கணவரின் நண்பர். எனக்கு இரண்டும் போக வேண்டாம் என்றுதான் இருந்தது. நான் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். அடுத்தவர் வாக்கியத்தில் விட்டுப்போன சொல் எது என்று சட்டென்று சொல்லிவிடுவேன். “இருங்க அத்தை” என்ற இரண்டு சொற்களை எங்கே செருகுவது என்று எனக்குத் தெரியவில்லை.

அதுவரை தொட்டியை அவர் வைத்திருந்தபடியே ஒப்படைக்க வேண்டும் என்று மட்டும் நினைத்தேன். அத்தை குளிக்கப் போகும் நேரம் பார்த்துக் காலையில் மாமியாரையும், அவர் அறைக்குள் இருக்கும் நேரம் பார்த்து மாலையில் மருமகளையும் ஊற்றினேன். அவர் கண்ணெதிரே அவர் மகன் வேலையைச் செய்ய ஏனோ கூசியது. அவ்வப்போது சோதனைக் குழாயில் தண்ணீர் பிடித்து மருந்தைச் சொட்டுச் சொட்டாக விடுவேன். நீலம் மஞ்சளாக மாறும்வரை எத்தனை சொட்டு பிடிக்கிறதோ அவ்வளவு சோடா தண்ணீரில் இருக்கிறதென்று கணக்கு. ஒவ்வொரு முறையும் சொட்டுகள் கூடிக்கொண்டே வந்தன. பவளங்கள் சாப்பிடுவதை நிறுத்திவிட்டன என்று எடுத்துக்கொண்டேன். அந்த வீட்டில் அது விசித்திரமாகப் படவில்லை. மாமியாரைக் குறைத்தேன். அப்படியும் சொட்டுகள் கூடின.

அன்று சனிக்கிழமை. அச்சகம் அரை நாள். மாலைவரை காத்திராமல் மதியமே மருமகளை ஊற்றினேன்.

அத்தை அறையிலிருந்து வந்தார். கையில் பாதி மடித்த புடவை இருந்தது.

“என்ன ஊத்தின?”

“மருமகள்தான் அத்தை. எப்பவும் ஊத்துறதுதான்.”

“எப்பவுமா? நீ ஊத்துவியா?”

“காலையில மாமியார், சாயந்திரம் மருமகள். அவர் ஊத்தின மாதிரியேதான்.”

அத்தை நாற்காலியில் உட்கார்ந்தார். “காலையில மாமியாரை நான்தானே ஊத்திட்டு இருக்கேன்” என்றார்.

“நீங்களா?”

“நீ ஆபீஸ் கிளம்பினதும். என் பேருதானே போட்டிருக்கு.”

“அப்போ மருமகள்?”

“அது உன் பாட்டில். அதை நான் ஏன் தொடணும்?”

அத்தை புடவையை மடியில் வைத்து அதன் ஓரத்தை நீவினார்.

“நாளைக்குப் போறேனே, இருக்கட்டும்னு இன்னைக்கு ரெண்டு மூடி சேர்த்து ஊத்தினேன்” என்றார். பிறகு, தொட்டியைப் பார்த்தபடியே, “ஒரு மாமியாரையே யாராலயும் தாங்க முடியாது. அது இத்தனை பேரை எப்படித் தாங்கும்?”

எனக்குச் சிரிப்பு வந்தது. இந்த முறை சத்தமாகவே வந்துவிட்டது.

உப்புக்காரரை அழைத்தேன். எதையும் ஊற்ற வேண்டாம், பம்பு ஓடட்டும், புதுத் தண்ணீர் கலந்து கொஞ்சம் கொஞ்சமாக மாற்றுங்கள் என்றார்.

“ஆனா இவ்வளவு சீக்கிரம் உறையக் கூடாதேக்கா. மகனை ஊத்தினீங்களா?”

“மகன் காலி.”

அந்தப் பக்கம் கடையில் ஓடும் பம்புகளின் இரைச்சல் மட்டும் கேட்டது. பிறகு, “சரிக்கா. நாளைக்கு வரும்போது கொண்டாறேன்” என்றார்.

பொழுது சாயும்வரை தண்ணீர் மாற்றினோம். நான் குழாய் வைத்துப் பழைய தண்ணீரை இறக்கிச் சுமந்து கொட்டினேன். அத்தை புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு குளியலறை வாளியில் உப்பைக் கரைத்தார். “கரைஞ்சுதா?” “இன்னும் அடியில நிக்குது.” “இப்போ?” “ம், தூக்கு.” இவ்வளவு நேராக நாங்கள் பேசிக்கொண்டதில்லை.

ஞாயிறு காலை தண்ணீர் தெளிந்திருந்தது. பாறை, மணல், பம்பின் மூக்கு, நத்தையின் முதுகு, எல்லாவற்றின் மேலும் மெல்லிய வெள்ளைப் பொடி. பவளங்கள் மூடிக் கிடந்தன. மீன்கள் இரண்டும் பாறை இடுக்கிலிருந்து வந்து, எதுவும் நடக்காதது போலச் சாப்பாட்டுக்கு நின்றன.

உப்புக்காரர் காலிப் பெட்டிகளோடு வந்தார். குனிந்து பார்த்துவிட்டுப் பெட்டிகளைத் திரும்ப வாசலில் வைத்தார்.

“இப்போ இதை அசைச்சா மொத்தமும் போயிடும். தானா தேறட்டும்.”

“எத்தனை நாளாகும்?” என்றார் அத்தை.

“அதைத் தொட்டிதாம்மா சொல்லணும். பகல்ல யாராச்சும் பக்கத்துல இருந்து பாத்துக்கிட்டா நல்லது.” அவர் எங்கள் இருவரையும் பார்க்காமல் பையிலிருந்து ஒரு பாட்டிலை எடுத்து மேசைமேல் வைத்தார். “இவனையும் மெதுவாத்தான் ஏத்தணும். ஒரு மூடி, அவ்வளவுதான்.”

அவர் படியிறங்கியதும் கீழே நாத்தனார் காரின் ஹாரன் கேட்டது. அத்தையின் பை கதவருகே நின்றிருந்தது, பிடி மேலே தூக்கியபடி.

நான் வாயைத் திறந்தேன். “மாத்திரை டப்பா டிவி பக்கத்துல இருக்கு அத்தை, மறந்துடாதீங்க” என்றேன்.

அத்தை மேசையிடம் போனார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு பாட்டிலைத் தூரத்தில் பிடித்துப் படித்தார். உப்புக்காரர் தன் கையாலேயே எழுதி ஒட்டியிருந்தார்.

“மூணு சுழி போட்டிருக்கான் பாரு. மகண்.”

நான் ஏற்கெனவே பார்த்திருந்தேன். பேனா என் பையிலேயே இருந்தது. எடுக்கவில்லை.

“இவனை எந்த மூலையில ஊத்தணும்?”

“எங்க வேணும்னாலும் ஊத்தலாம் அத்தை.”

அவர் இடது மூலையைப் பார்த்தார். வலது மூலையைப் பார்த்தார். பிறகு தொட்டியின் நடுவில் வந்து நின்று ஒரு மூடி நிறைய எடுத்தார். சிந்தாமலிருக்க நான் அவர் மணிக்கட்டின் அடியில் என் கையை வைத்துக்கொண்டேன். கீழே மறுபடியும் ஹாரன். அத்தை வாசல் பக்கம் திரும்பாமல் மூடியைச் சரித்தார். தண்ணீருக்குள் தண்ணீர், நிறமில்லாமல், வெயில் காலத்தில் தார்ச்சாலைமேல் நெளியும் காற்றைப் போல நெளிந்து நெளிந்து இறங்கியது. பாறையைத் தொடும் முன்பே எது அது, எது கடல் என்று பிரித்துச் சொல்ல முடியாமல் போனது.