தட்டிய கதவு, தட்டாத கதவு

ஒரு கல்யாணப் பேச்சு முறிந்துபோக ஆயிரம் காரணம் இருக்கலாம். வேலை பிடிக்கவில்லை, குணம் பிடிக்கவில்லை, மாப்பிள்ளைக்கு முன்னந்தலையில் முடி நிற்கவில்லை. அவளுடைய கல்யாணப் பேச்சு ஒரு விண்வெளிக் கப்பலின் கதவால் முறிந்தது. அதுவும் அட்டையில் செய்து வெள்ளி வண்ணம் பூசிய கதவு.

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்பவள். அப்பா பல் டாக்டர். அந்த வீட்டில் கடவுளுக்கு அடுத்த இடம் ‘நெடுவெளி’ என்ற விண்வெளிப் படங்களுக்குத்தான். சில நாட்களில் கடவுளும் கொஞ்சம் நகர்ந்து உட்கார வேண்டியிருக்கும். மொத்தம் ஆறு படங்கள். நான்காவதன் கடைசியில், பன்னிரண்டு வருடம் வானத்தில் வழி தெரியாமல் அலைந்த தளபதி, தன் மனைவி இருக்கும் கப்பலுக்கு வந்து சேர்கிறான். கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போகிறான். அவள் திரும்பிப் பார்க்கிறாள். அவ்வளவுதான், படம் முடிந்தது. அப்பா இளைஞராக இருந்தபோது அந்தக் காட்சியைப் பார்த்துவிட்டுத் தியேட்டர் வாசலிலேயே உட்கார்ந்து அழுதாராம். பக்கத்தில் நின்று ‘வீட்டுக்குப் போகலையா’ என்று கேட்ட பெண்தான் இன்று அவளுக்கு அம்மா.

பல வருடம் கழித்து அந்தப் படங்களை எடுத்த இயக்குநருக்குக் கை சும்மா இருக்கவில்லை. எல்லாவற்றையும் திருத்தி மறுபடி வெளியிட்டார். ரோபோவுக்குப் புருவம் வைத்தார். வில்லன் வேறு யாருமில்லை, தளபதியின் மச்சான்தான் என்று ஒரு வசனத்தை நுழைத்தார். அதையெல்லாம் அப்பா மன்னித்துவிட்டார். “மச்சான் வில்லனா இருக்கிறது உலக வழக்கம்தானே” என்று சொல்லி, அம்மாவின் பார்வையை ஒரு வாரம் தாங்கிக்கொண்டார். ஆனால் அந்தக் கதவு விஷயத்தை மட்டும் அவரால் தாங்க முடியவில்லை. புதிய படத்தில் தளபதி கதவின் முன்னால் நிற்கிறான், கம்ப்யூட்டரில் வரைந்த ஒரு கை எழுந்து கதவைத் தட்டுகிறது, உள்ளேயிருந்து மனைவி “யாரு?” என்கிறாள். அதற்குப் பிறகுதான் உள்ளே போகிறான்.

அன்றிலிருந்து ரசிகர்கள் இரண்டாகப் பிளந்தார்கள். தட்டுகிறவர்கள் ஒரு பக்கம், தட்டாதவர்கள் ஒரு பக்கம். அப்பா தட்டாதவர். கொள்கை முற்றிப்போய் எந்தக் கதவையும் தட்டுவதை விட்டுவிட்டார். குளியலறைக் கதவு உட்பட. அதனால் அந்த வீட்டில் உள்ளே போகிறவர்கள் உரக்கப் பாடிக்கொண்டே குளிக்கப் பழகியிருந்தார்கள்.

நோயாளியின் வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு அப்பா தன் வாதத்தைத் தொடங்குவார். “சொந்த வீட்டுக்குள்ள போறவன் எதுக்குங்க தட்டணும்? நீங்களே சொல்லுங்க.” வாயில் பஞ்சும் குழாயும் வைத்திருப்பவர் என்ன சொல்வார்? “ஆ” என்பார். அப்பா அதைச் சம்மதமாக எடுத்துக்கொள்வார். இப்படியே இத்தனை வருடத்தில் ஊர் முழுக்கத் தன் பக்கம்தான் என்று நம்பிக்கொண்டிருந்தார்.

அவள் காதலித்தது ஒரு லிஃப்ட் மெக்கானிக்கை. கடை இருக்கும் கட்டடத்து லிஃப்டில் ஒருநாள் அவள் மாட்டிக்கொண்டாள். உள்ளேயிருந்து கதவைத் தட்டினாள். வெளியிலிருந்து ஒரு குரல், “யாரு?” என்றது.

“வேற யாரு? மாட்டிக்கிட்டவதான்” என்றாள்.

“மரியாதைக்குக் கேட்டேங்க. இருங்க, திறக்கிறேன்.”

அன்றிலிருந்து அவன் அவளுக்கு ‘லிஃப்டு’, அவள் அவனுக்குக் ‘கண்ணாடி’. அவனுடைய அம்மா கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். அந்த அம்மாளும் ‘நெடுவெளி’ பைத்தியம் என்று அவன் சொன்னபோது அவள் சந்தோஷத்தில் துள்ளினாள். எந்தப் பக்கம் என்று கேட்டுத் தெரிந்துகொண்டபோது அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“அப்பா, அவங்க வர்றப்போ படத்தைப் பத்தி மட்டும் வாயைத் திறக்கக் கூடாது” என்று கெஞ்சினாள்.

“நான் அடுத்தவங்க வாயைத்தாம்மா திறப்பேன்” என்றார் அப்பா.

பேசி முடிக்க வந்த அன்று வாசல் கதவு அகலத் திறந்தேதான் கிடந்தது. எல்லாம் அவள் ஏற்பாடு. திறந்த கதவை யார் தட்டப்போகிறார்கள் என்று நினைத்தாள். அவன் உள்ளே வந்துவிட்டான். அவனுடைய அம்மா வரவில்லை. சுவரோடு சாய்ந்து கிடந்த கதவை எட்டிப் பிடித்து, தட்டிவிட்டு, வெளியிலேயே நின்றார்.

“திறந்துதானே இருக்கு, வாங்க மேடம்” என்றார் அப்பா.

“யாருன்னு நீங்க கேக்கலையே, டாக்டர்.”

அப்பாவின் முகம் மாறியது. அவள் கண்ணை மூடிக்கொண்டாள். பூனை வெளியே வந்துவிட்டது. இனிமேல் மணி கட்டுவதாவது.

இருவரும் அதுவரை எதிரில் இருப்பவர் பதில் சொல்லிப் பார்த்ததில்லை. அப்பாவிடம் வருகிறவர்கள் வாயைத் திறந்து வைத்திருப்பார்கள், பேச முடியாது. அந்த அம்மாளிடம் வருகிறவர்கள் ஸ்டீயரிங்கைப் பிடித்து நடுங்கிக்கொண்டிருப்பார்கள், “ஆமா மேடம்” தவிர வேறு பேச மாட்டார்கள். அதனால் இருவருக்கும் முதல் மறுப்பு மின்சாரம் தாக்கியதுபோல இருந்தது.

“விண்வெளியில காத்தே கிடையாது மேடம். தட்டினா சத்தம் எப்படிக் கேக்கும்?”

“கப்பலுக்குள்ள காத்து இருக்கே டாக்டர். இல்லைன்னா அந்தப் பொண்ணு பன்னெண்டு வருஷமா மூச்சைப் பிடிச்சுக்கிட்டா உக்காந்திருந்தா?”

“அது அவன் கப்பல். அவன் பொண்டாட்டி.”

“பன்னெண்டு வருஷம் காணாமப் போனவன் சும்மா தள்ளிக்கிட்டு வருவானா? உள்ள இருக்கிறவளுக்கு ஒரு மரியாதை வேண்டாமா?” இதைச் சொல்லும்போது அந்த அம்மாளின் வலது கால் தரையை ஓங்கி மிதித்தது. பிரேக் போடும் பழக்கம். “என் வீட்டுக்காரர் சரக்குக் கப்பல்ல வேலை பார்க்கிறார். ஒன்பது மாசம், பத்து மாசம் கழிச்சுத்தான் வருவார். சாவி அவர் பையில இருக்கும். ஆனாலும் தட்டிட்டு நிப்பார். நான் யாருன்னு கேப்பேன். எனக்குத் தெரியும் யாருன்னு. ஆனாலும் கேப்பேன். அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் டாக்டர் மிச்ச மாசத்தை ஓட்டுறேன்.”

அம்மா இதுதான் சமயம் என்று பிஸ்கட் தட்டை நீட்டினார். அப்பா அதைத் தள்ளி வைத்தார்.

“நாளைக்கு இவ உங்க வீட்டுக்கு வந்துடுவா” என்று மகளைக் காட்டினார். குரல் கொஞ்சம் கம்மியிருந்தது. “அப்புறம் ஒருநாள் இங்க வருவா. வந்து, இந்தக் கதவைத் தட்டிட்டு, நான் யாருன்னு கேக்கிற வரைக்கும் வெளியில நிக்கணுமா? என் பொண்ணு?”

கதவைப் பற்றி அப்பா இத்தனை வருடம் கத்தியதில் இப்படி ஒரு அர்த்தம் புதிதாக வந்து குடியேறியிருப்பது அவளுக்குத் தெரியாது.

ஆனால் கண்ணீர் வருகிற இடத்தில் நிறுத்தத் தெரிந்தவர்கள் ரசிகர்கள் ஆவதில்லை. பேச்சு புருவத்துக்குப் போனது, மச்சானுக்குப் போனது, மறுபடி கதவுக்கே வந்தது. கடைசியில் அந்த அம்மாள் எழுந்தார்.

“தட்டாத வீட்டுல பொண்ணு எடுக்க மாட்டேன்.”

“தட்டுற வீட்டுக்கு நானும் குடுக்கிறதா இல்லை.”

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது.

மறுநாள் கடையில் அவன் ஸ்டூலில் உட்கார்ந்து திருப்புளியை விரலில் சுற்றிக்கொண்டிருந்தான். “எங்க அம்மா சொல்றாங்க, உங்க அப்பாவுக்குக் கண்ணுல கோளாறாம். இல்லைன்னா அந்தக் கை எவ்வளவு அழகாத் தட்டுதுன்னு தெரியாமப் போகுமான்னு.”

“எங்க அப்பாவும் அதையேதான் சொன்னார். ‘அந்தம்மா கண்ணை டெஸ்ட் பண்ணு, காசு நான் தரேன்’னு.”

சொல்லி முடித்ததும் இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

திட்டம் எளிமையானது. இரண்டு படத்திலும் மாறாத ஒரு துண்டு உண்டு: மனைவி திரும்பிப் பார்க்கும் முகம். அதை இயக்குநர் தொடவேயில்லை. சத்தமில்லாமல் அந்த முகத்தை மட்டும் இரண்டு முறை போட்டுக் காட்ட வேண்டும். பெரியவர்கள் இருவரும் ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்பார்கள். ‘பாத்தீங்களா, முக்கியமானது ரெண்டுலயும் ஒண்ணாத்தான் இருக்கு’ என்று அவள் முடித்து வைப்பாள்.

“நல்ல யோசனை கண்ணாடி” என்றான் அவன். “ஆனா வேலை செய்யாது.”

“வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இரு லிஃப்டு.”

கடை விடுமுறையன்று அப்பாவும் அந்த அம்மாளும் வந்தார்கள். எதிராளியின் கண் கெட்டிருப்பதை நேரில் பார்க்க வேண்டும் என்ற ஒரே ஆசையில் வந்தார்கள். பரிசோதனை அறையில் இரண்டு நாற்காலிகளைப் பக்கத்தில் போட்டாள். லென்ஸ் மாற்றி மாற்றிப் பார்க்கும் கனத்த இரும்பு ஃப்ரேமை இருவர் மூக்கிலும் மாட்டினாள். சாதாரணக் கண்ணாடிதான் அதில் போட்டிருந்தாள். இரண்டு வயதான பறவைகள் மின்கம்பியில் உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. கூட வந்த அம்மா மூலையில் ஒரு பிரம்பு மோடாவில் உட்கார்ந்து, படம் என்றதுமே வழக்கம்போலத் தூங்கிவிட்டார். அவன் டீ வாங்கப் போனான்.

விளக்கை அணைத்தாள். எழுத்துகள் தெரியும் திரையில் அந்த முகம் வந்தது, திரும்பியது, பார்த்தது, மறைந்தது.

“இது ஒண்ணு.” மறுபடி அதையே போட்டாள். “இது ரெண்டு. முதல்லது தெளிவா, ரெண்டாவதா? ரெண்டும் ஒண்ணா இருந்தா ஒண்ணுன்னே சொல்லலாம்.”

கேட்ட பிறகுதான் அவளுக்கு உறைத்தது. ஆறு வருடமாக இதே கேள்வியை இதே அறையில் கேட்கிறாள். ‘ரெண்டும் ஒண்ணுதான்’ என்று சொன்ன ஒரு மனிதரைக்கூட அவள் பார்த்ததில்லை. கேள்வி என்று ஒன்று கேட்டுவிட்டால் ஏதோ ஒரு பதில் சரி, ஒன்று தப்பு என்று எல்லோரும் நினைத்துக்கொள்கிறார்கள். இவர்களோ முப்பது வருடம் பழுத்த ரசிகர்கள்.

“ரெண்டாவது” என்றார் அப்பா.

“ரெண்டாவதுதான்” என்றார் அந்த அம்மாள்.

இருவரும் முதல்முறையாக ஒரே பக்கம் நிற்பதை இருவராலும் நம்ப முடியவில்லை.

“ரெண்டாவதுல அவ கண்ணுல தண்ணி இருக்கு” என்றார் அந்த அம்மாள் மெதுவாக.

“இருக்கு மேடம். முதல்லதுல இல்லை. அதோட, அவ சட்டுனு திரும்பல. முன்னாடியே காலடிச் சத்தம் கேட்டவ மாதிரி திரும்புறா.”

“அவன் வர்றது அவளுக்குத் தெரிஞ்சிருக்கு. கதவைத் திறக்க எழுந்திரிக்கப் போறா.”

“அப்போ இதுல தட்டவும் இல்லை, தள்ளவும் இல்லை.”

“டாக்டர், இது மூணாவது படம். வெளியிடாத படம்.”

“அந்த மனுஷன் எடுத்து ஒளிச்சு வச்சிருக்கார். நான் சொன்னேனே, அவருக்குள்ள நல்லவர் ஒருத்தர் இருக்கார்னு.”

அவள் விளக்கைப் போட்டாள். “அப்பா, இருங்க. அத்தை, நீங்களும் கேளுங்க. ரெண்டும் ஒண்ணுதான். ஒரே துண்டை ரெண்டு தடவை போட்டேன்.”

இருவரும் ஃப்ரேம் வழியாக அவளை இரக்கத்தோடு பார்த்தார்கள்.

“நீ சின்னப் பொண்ணும்மா. இதெல்லாம் பாத்துப் பழகணும்” என்றார் அந்த அம்மாள்.

“நிஜமா ஒண்ணுதான் அத்தை. வேணும்னா உங்க பையனையே கேளுங்க.”

“அவனுக்கு மட்டும் என்ன தெரியும்? ரோபோவுக்குப் புருவம் இருக்கா இல்லையான்னு கேட்டா யோசிக்கிறவன்.”

அப்பா பெருமூச்சு விட்டார். “ஊர்க் கண்ணையெல்லாம் டெஸ்ட் பண்றா. சொந்தக் கண்ணு தெரியல. என்ன மேடம் செய்யிறது?”

“என் பையனும் அப்படித்தான் டாக்டர். ரெண்டுக்கும் கண்ணு தெரியல.” அந்த அம்மாள் யோசித்தார். வலது கால் பிரேக்கிலிருந்து மெல்ல எழுந்தது. “இப்படி ரெண்டையும் வெளியில யார் கட்டிக்குவா? நம்மதான் ஒண்ணுக்கு ஒண்ணு சேத்து வைக்கணும்.”

“பொருத்தமான ஜோடிதான், சம்பந்தி” என்றார் அப்பா. அந்த வார்த்தை வாயிலிருந்து வந்த பிறகுதான் அவருக்கே தெரிந்தது. ஃப்ரேமைக் கழற்றி, கண்ணைத் துடைத்து, மறுபடி மாட்டிக்கொண்டார்.

அவள் மேற்கொண்டு உண்மை பேசவில்லை. உண்மையைச் சொல்லியாகிவிட்டது, நம்பாதது அவர்கள் பாடு. கல்லில் நார் உரிந்த பிறகு, எப்படி உரிந்தது என்று கல்லைக் கேட்பார்களா?

அப்போது வெளியே கண்ணாடித் தம்ளர்கள் ஒன்றோடொன்று உரசும் சத்தம் கேட்டது. டீயோடு அவன் வந்துவிட்டான். அறைக் கதவு சாத்தியிருந்தது. இரண்டு கையிலும் தட்டு. அப்படியே நிற்கிறான் என்று அவளுக்குக் கதவைத் திறக்காமலே தெரிந்தது. கை நிறைய இருப்பது மட்டும் காரணமில்லை. காலால் தட்டினால் மாமனார் பகை, தோளால் தள்ளினால் பெற்ற தாய் பகை. பாவம், உள்ளே இரண்டு பக்கமும் ஒன்று கூடிவிட்டது அவனுக்கு எப்படித் தெரியும்?

உள்ளே இருவரும் பேச்சை நிறுத்திவிட்டுக் கதவையே பார்த்தார்கள். அப்பாவின் தாடை இறுகியது. அந்த அம்மாளின் கால் மறுபடி பிரேக்கைத் தேடியது. இப்போதுதான் கட்டிய பந்தல். ஒரு சத்தத்தில் சரிந்துவிடும்.

அவள் எழுந்து கதவருகே போனாள். உள்ளேயிருந்து தட்டினாள்.

வெளியே ஒரு கணம் தம்ளர்கள்கூடச் சும்மா இருந்தன. பிறகு சிரிப்பை அடக்கிய குரல் வந்தது. “யாரு?”

“மாட்டிக்கிட்டவதான்” என்றாள்.

அவளுக்குப் பின்னால் நாற்காலிகள் கிறீச்சிட்டன.

“சம்பந்தி, உள்ள இருக்கிறவ தட்டினா அது யார் கணக்கு?”

“தட்டினதுதானே டாக்டர்? எங்க கணக்குதான்.”

“எப்படி? வந்தவன் தட்டலையே. இது சுத்தமா எங்க பக்கம்.”

“கொஞ்சம் பொறுங்க, இதுக்கு மூணாவது படத்துல என்ன இருக்குன்னு பாப்போம். அந்தத் துண்டை இன்னொரு தடவை போடச் சொல்லுங்க.”

மூலையில் மோடாவில் அம்மா கண்ணைத் திறந்தார். தியேட்டர் வாசலில் அழுதுகொண்டிருந்தவரைப் பார்த்த அதே பார்வையால் கணவரை ஒருமுறை பார்த்தார்.

“டீ ஆறுது” என்றார். “முதல்ல கதவைத் திறங்க.”