பத்தொன்பதாம் நாள் மின்வெட்டு

போன மின்சாரம் ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தும் அடைகாக்கும் பெட்டியின் விசிறி சுழலவில்லை. கோழிக்குஞ்சுப் பொரிப்பகத்தை நடத்துகிறவள் ஓடிப்போய்ப் பார்த்தாள். பெட்டியை இயக்கும் பழைய கம்ப்யூட்டர் இருபது வருடத்துக்கு முந்தைய ஜனவரி முதல் தேதியைக் காட்டிக்கொண்டு நின்றது. திரையில் சொன்ன பொத்தானை அழுத்தினாள். டிஸ்க்கே இல்லை என்றது.

உள்ளே அறுநூறு முட்டைகள். இன்னும் இரண்டு நாளில் குஞ்சு வெளிவர வேண்டும். முப்பத்தேழரை டிகிரி இருக்க வேண்டிய சூடு முப்பத்திரண்டாக இறங்கியிருந்தது. கணவன் தீவனம் வாங்க வெளியூர் போயிருந்தான். வீட்டில் அவன் தங்கை குட்டி மட்டும்தான். ஏதோ மனத்தாங்கலில் அவளும் குட்டியும் மூன்று வாரமாகப் பேசிக்கொள்ளவில்லை.

"குட்டி, கொஞ்சம் வாயேன்" என்றாள்.

குட்டி கேள்வி கேட்காமல் போர்வைகளைக் கொண்டுவந்து பெட்டியைச் சுற்றினாள். வெந்நீர் பாட்டில்களை உள்ளே அடுக்கினாள். அதற்குள் அண்ணி கம்ப்யூட்டர் ரிப்பேர்காரரைப் போனில் பிடித்தாள். தான் வந்து சேர நான்கு மணி நேரமாகும் என்று சொல்லி, அவர் போனிலேயே விளக்கினார்.

"டிஸ்க்குல இருக்கிறது அழியலைக்கா, பயப்படாதீங்க. மணி என்ன, எந்த டிஸ்க்குலேர்ந்து கிளம்பணும், எப்படிப் படிக்கணும்னு கம்ப்யூட்டர் ஒரு சின்ன சிப்புல வெச்சிருக்கும். கரண்ட் இல்லாதப்ப அது மறக்காம இருக்கத்தான் உள்ள காசு மாதிரி ஒரு பேட்டரி. அது செத்துப் போயிருக்கு. அதான் பிறந்த குழந்தையாட்டம் முழிக்குது."

"இப்ப என்ன செய்யட்டும்?"

"மறந்ததை நாமளே சொல்லணும். ஆஃப் பண்ணி ஆன் பண்ணி, டெலீட் பொத்தானைத் தட்டிக்கிட்டே இருங்க. நீலத் திரை வரும்."

வந்தது. டிஸ்க்கைப் படிக்க மூன்று வழிகள் இருந்தன. எது சரி என்று அவருக்கும் நினைவில்லை. முதலாவது எடுபடவில்லை. இரண்டாவதைப் பதிந்ததும் கம்ப்யூட்டர் கிளம்பியது, விசிறி சுழன்றது. அடுத்த நிமிடமே மின்சாரம் மறுபடியும் போயிற்று.

அவள் தரையில் உட்கார்ந்துவிட்டாள். "எல்லாம் போச்சு குட்டி. திரும்ப மறந்திருக்கும்."

"முட்டை எடை போடுற தராசுலயும் காசு பேட்டரிதானே அண்ணி?" என்றாள் குட்டி.

கம்ப்யூட்டரின் மூடியைக் கழற்றி, பழையதை நெம்பி எடுத்துத் தராசின் பேட்டரியைப் பொருத்தினார்கள். குட்டிதான் அழுத்தினாள். மின்சாரம் வர ஒரு மணி நேரம் ஆயிற்று. அதற்குள் பாட்டில்களை மூன்று முறை மாற்றினார்கள். ஆனாலும் சூடு இருபத்தாறுக்கு வந்துவிட்டது. அண்ணி தேதியையும் இரண்டாவது வழியையும் மறுபடி பதிந்தாள். விசிறி சுழன்றது.

இருபத்தொன்றாம் நாள் பெட்டியில் ஒரு கீச்சொலியும் இல்லை. இருபத்திரண்டாம் நாள் மதியம் ஒரு ஓடு விரிசல் விட்டது. பொழுது சாய்வதற்குள் நூற்றெழுபத்து மூன்று குஞ்சுகள்.

"மீதியை எடுத்துரலாமா அண்ணி?"

"நாளைக்குக் காலை வரைக்கும் இருக்கட்டும்."

காலையில் மேலும் ஒன்பது வந்திருந்தன. மற்றவற்றை இருவரும் குழிக்குத் தூக்கிப்போனார்கள். ஒவ்வொரு முட்டையையும் காதில் வைத்துப் பார்த்த பிறகே அவள் உள்ளே இறக்கினாள். குட்டி அவசரப்படுத்தவில்லை.